கணு

சாக்கு மூட்டை தொப்பென்று விழுந்த சத்தத்தில் படுத்திருந்த நாய் எழுந்து நகர்ந்து போகிறது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, இன்னும் திறக்காத ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருக்கிறேன். மணி ஐந்தரை. மாசிப் பனியில் தெருவிளக்கு மங்கலாக எரிகிறது. பத்தடி தள்ளி அந்த அம்மா மூட்டையின் கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாய்த் துண்டின்மேல் கவிழ்க்கிறார். அருகம்புல் குட்டி வைக்கோல் போர் போலக் குவிகிறது. வரப்பு மண்ணின் வாசனை தெருவெங்கும் பரவுகிறது.

இன்று சங்கடஹர சதுர்த்தி. பௌர்ணமி கழிந்து நாலாம் நாள். மற்ற நாளில் ஒரு மூட்டை என்றால் இன்று இரண்டு. பக்கத்தில் பூக்கூடை இறக்கும் பெண்ணிடம் அவர் சொல்வது காதில் விழுகிறது. "மொத வண்டிய உட்டிருந்தா அவ்ளோதான். மாம்பலத்துல எறங்கி ஷேர் ஆட்டோ புடிச்சு வரதுக்குள்ள தோளு கழண்டுடுச்சு." ராத்திரியே சாக்கை நனைத்துக் கட்டியிருக்கிறார் போல. ஒரு இழைகூட வாடவில்லை.

நான் எதுவும் வாங்க வரவில்லை. எதுவும் கேட்கப் போவதும் இல்லை. அவருடைய கைகளைப் பார்க்கத்தான் வந்தேன்.

ஒவ்வொரு பிடியையும் எடுத்து உதறி, ஒவ்வொரு தண்டாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுகிறார். வழுக்கிக்கொண்டு உருண்டால் மடியில். விளிம்பு தட்டினால் ஓரத்தில் எறிகிறார். இந்த அரையிருட்டில் கண்ணுக்கு வேலையில்லை, விரலே பார்த்துக்கொள்கிறது. அப்படி எறிவதெல்லாம் கோரை. அருகோடு அருகாக, அதே பச்சையில், அதே ஒல்லியில் வரப்பில் முளைப்பது. புல்லின் தண்டு உருண்டை. கோரையின் தண்டு மூன்று பட்டை. புல்லுக்கு இலைகள் இடமும் வலமுமாக இரண்டே வரிசை, கோரைக்கு மூன்று வரிசை. புல்லின் தண்டைத் தடவிக்கொண்டே போனால் முட்டி முட்டியாகக் கணு தட்டும். கோரையின் தண்டோ அடியிலிருந்து பூ வரை மொழுமொழுவென்று போய்விடும். பத்தமடைப் பாய் நெய்வது கோரையில்தான். இதே மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைகளில் ஸ்நானப் பொடிக்கு விற்பது கோரைக்கிழங்குதான். அதற்கென்று ஒரு பெருமை இருக்கிறது. ஆனால் பார்வைக்குப் புல் மாதிரி இருந்தாலும் அது வேறு குடும்பம். தாவரவியல் வகுப்பில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற இந்த வித்தியாசத்தை அந்த அம்மாவின் விரல்கள் ஒரு நிமிடத்துக்கு முப்பது தடவை சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அடுத்தது கிள்ளுதல். ஓடிய கொடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, நுனித் தளிரை வலது கையால் லேசாகச் சுண்டி இழுக்கிறார். டிக். அறுக்கவில்லை, ஒடிக்கவில்லை. தளிர் தானாகவே கழன்று வருகிறது. எங்கே கழல்கிறது என்று பார்க்க முன்னால் குனிந்தேன். கணுவுக்குச் சற்றே மேலே. கழன்ற துண்டின் அடி வெள்ளையாக, ஈரமாக, நகம் பட்டால் நசுங்கிவிடும் மென்மையில் இருக்கிறது. மாடு மேய்த்த பிள்ளைகள் எல்லோரும் ஒரு தரமாவது புல்லை உருவி அந்த வெள்ளை அடியைக் கடித்திருப்பார்கள். லேசாக இனிக்கும். தண்டு முழுக்க நார் ஏறிக் கெட்டியாக இருக்கும்போது அந்த இடம் மட்டும் ஏன் இப்படி மெத்தென்று இருக்கிறது?

புல் வளர்கிற இடம் அதுதான். மாவோ வேம்போ செம்பருத்தியோ நுனியில் வளர்கின்றன. நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை அதற்குமேல் நீளாது. பக்கத்து மொட்டுதான் கிளம்ப வேண்டும். புல்லுக்கு நுனியில் ஒரு வளர்முனை உண்டு. அதோடு நில்லாமல், ஒவ்வொரு கணுவுக்கு மேலும் வளர்கிற திசு ஒரு பட்டையாகத் தங்கியிருக்கிறது. இடை ஆக்குத்திசு என்று பாடப் புத்தகம் பெயர் சொல்லும். இலையும் அப்படியே. அதன் அடியில்தான் புதுசு பிறக்கிறது, பிறந்தது பழையதை மேலே தள்ளிக்கொண்டு போகிறது. புல் இலையின் நுனிதான் மூத்தது, அடி இன்னும் குழந்தை. மாடு மேய்கிறது என்றால் கிழட்டுப் பாகத்தைக் கடித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். குழந்தை மண்ணோடு ஒட்டிப் பத்திரமாக இருக்கிறது. மிதித்துச் சாய்த்த புல் மறுநாள் நிமிர்வதும் கணுவால்தான். தரையைப் பார்த்த பக்கம் மட்டும் கூடுதலாக வளர்ந்து, தண்டை முழங்கை மடக்குவது போல மேலே வளைத்துவிடுகிறது.

ஆறு மணிக்கு முதல் கிராக்கி. மடிசார் மாமி, கையில் வெள்ளி சொம்பு.

"மூணு எலையா பாத்துக் குடும்மா."

"எல்லாம் மூணு எலைதான் மாமி. நீயே எண்ணிக்கோ."

"போன தடவ ரெண்டு எலையா குடுத்துட்ட."

"அது என் கைல வாங்கினது இல்ல மாமி. அந்தாண்ட வாங்கியிருப்ப."

மாமி உண்மையிலேயே எண்ணுகிறார். விளக்கைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று. அர்ச்சனைக்கு மூன்று இலைத் தளிர் வேண்டும் என்பது வழக்கம். அருகு அதற்குத் தோதான புல். மற்ற புல்லில் ஒரு கணுவுக்கு ஒரே இலை. அருகின் கொடியில் நீளமான கணுவிடை ஒன்று, அதையடுத்து மிகக் குறுகலான கணுவிடை, மறுபடி நீளம் என்று வருவதால், நெருங்கி நிற்கும் இரண்டு மூன்று கணுக்கள் ஒரே கணுவாகத் தோன்றும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று இலை கிளம்பியது போலிருக்கும். இந்த நெருக்கம்தான் கிள்ளுகிற கைக்கு வசதி. மாமி எண்ணும் மூன்றாவது இலை பாதிதான் வெளியே இருக்கிறது. மீதி இன்னும் விரியாமல் முந்தைய இலையின் உறைக்குள் இருக்கிறது. அதற்குள் நாலாவதும் இருக்கும், ஐந்தாவதும் இருக்கும்.

உறை என்றேனே, அதைப் பார்க்காமல் புல்லைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. மாமி போன பிறகு, அந்த அம்மா ஒதுக்கிய குப்பையில் ஒரு கொடி என் கால் பக்கமாக வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டேன். புல் இலைக்குக் காம்பு கிடையாது. கணுவில் தொடங்கி, தண்டைச் சட்டைக் கை போலச் சுற்றிக்கொண்டு மேலேறி, ஓரிடத்தில் விலகித் தட்டையான இலையாகத் திரும்புகிறது. சுற்றியிருப்பது உறை, விலகியது இலைத்தாள். அந்தத் திருப்பத்தில் இலையைப் பின்னால் மடக்கிப் பார்த்தால், தண்டோடு ஒட்டி உட்பக்கமாக ஒரு சின்ன நாக்கு இருக்கும். அருகம்புல்லில் அது நாக்காகக்கூட இல்லை. வெள்ளை மயிர் வரிசை. வெளிச்சத்தில் காட்டினால் கண்ணிமை போலத் தெரிகிறது. நெல்லுக்கோ நீளமான, நுனி பிளந்த, கண்ணாடித்தாள் போன்ற நாக்கு. அதன் இரண்டு பக்கமும் கொக்கி போல மயிர் முளைத்த காதுகள். களையெடுக்கிற பெண்கள் நெல் நாற்றுக்கு நடுவில் திருட்டுத்தனமாக வளரும் காட்டுக் குதிரைவாலியைப் பிடிப்பதும் இந்த இடத்தில்தான். அதற்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை. கதிர் வரும்வரை காத்திருந்தால் களை விதையைக் கொட்டிவிடும். அடையாளம் இலை திரும்பும் மூலையில் இருக்கிறது.

என் பையில் ஒரு பழைய புத்தகத்தின் நகல் இருக்கிறது. ராய் பகதூர் கே. ரங்காச்சாரியார் தென்னிந்தியப் புற்களைப் பற்றி எழுதி, 1921-ல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட கையேடு. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் தாவரவியலாளராக இருந்தவர் அவர். இந்தச் சமவெளியில் எங்கும் கிடைக்கிற நூறு புற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் வேர், கணு, உறை, நாக்கு, சிறுகதிர் எல்லாவற்றையும் விவரித்து, படமும் காட்டியிருக்கிறார். பெயர்ப் பட்டியலைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் ஒரு புல்லைக் கையில் கொடுத்து அதன் உறுப்புகளைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார். இலையைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் பார்த்த படங்களும் உண்டு. மாட்டுத் தீவனம் பற்றிய அக்கறையில் எழுதப்பட்டாலும் அதை வாசிக்கும்போது, மண்டியிட்டு உட்கார்ந்து புல்லைப் பார்த்த ஒரு மனிதரின் பொறுமை தெரிகிறது. தமிழில் இப்படி ஒரு புத்தகம் பள்ளிப் பிள்ளைகள் கைக்குக் கிடைக்கும்படி இருக்க வேண்டும் என்று நான் நெடுநாளாக ஆசைப்படுகிறேன்.

ஏழு மணிக்கு லஸ் பக்கம் நடந்தேன். அமிர்தாஞ்சன் நிறுவிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில் உள்ள பூங்கா. வாசலில் சாறு விற்கிறவர் எவர்சில்வர் தூக்குகளை வரிசையாக வைத்திருக்கிறார். அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லி. நடந்து வியர்த்தவர்கள் ஒரே மடக்கில் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் போகிறார்கள். பிழிந்த சக்கை ஒரு பக்கெட்டில் கிடக்கிறது. ஒரு பசு வந்து அதை நிதானமாகத் தின்கிறது. யாரும் விரட்டவில்லை. நமக்குச் செரிக்காத அந்த நாரைச் செரிக்க அதன் வயிற்றில் நுண்ணுயிர்க் கூட்டமே இருக்கிறது.

உள்ளே புல்வெட்டும் இயந்திரம் ஓடுகிறது. வெட்டுகிறவர் புதுப் பையன். பெரியவர் ஒருவர் தலையில் துண்டோடு நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அடிய ஒட்டி வெட்டாதடா. கட்டை தெரிஞ்சா வெயில்ல காஞ்சு போயிடும். மேலாக்க எடு. முடி வெட்ற மாதிரி."

"ஒரே அடியா வெட்டிட்டா அடுத்த வாரம் வேல இல்லல்ல தாத்தா?"

"அடுத்த வாரம் புல்லே இருக்காது."

உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்பது புல்தரை வளர்ப்பவர்களின் கணக்கு. இலை போனால் பரவாயில்லை. வளர்கிற அடி வெளியே தெரிந்து வெயில் பட்டால்தான் ஆபத்து. பெரியவர் கணக்கை முடி வெட்டுவதில் வைத்துச் சொல்கிறார். பெர்முடா புல் என்று பெயரிட்டு உலகத்தின் வெப்பமான ஊர்களில் எல்லாம் கால்பந்துத் திடலுக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் வளர்ப்பது நம் அருகையும் அதன் கலப்பினங்களையும்தான். வெட்ட வெட்ட அது உயரத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓடும். தரைக்கு மேலே ஓடுதண்டு, தரைக்குக் கீழே இன்னொரு தண்டு. இரண்டிலும் கணு. கணு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் சல்லிவேர்.

இயந்திரம் எட்டாத வேலி ஓரத்தில் அருகு பூத்திருந்தது. புல் பூக்கும் என்பதையே பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒல்லியான காம்பின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து நாலு விரல்கள் விரிந்திருக்கின்றன. சில காம்பில் ஐந்து, சிலதில் மூன்று. டாக்டைலான் என்று இதன் அறிவியல் பெயரில் வரும் சொல்லுக்கு விரல் என்றுதான் பொருள். ஒவ்வொரு விரலின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறுகதிர்கள் இரட்டை வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிறுகதிர் ஒன்று எள்ளைவிடச் சிறியது. பைக்குள்ளிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தேன். ஒன்று திறந்திருக்கிறது. இதழ் கிடையாது, வாசனை கிடையாது, தேன் கிடையாது. இரண்டு பச்சைச் செதில்கள் விலகியிருக்க, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஊதா நிற இறகுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை சூலகமுடிகள். நடுவே மூன்று மகரந்தப் பைகள் மயிரிழைக் காம்பில் தொங்கி, நான் விடும் மூச்சுக்கே ஆடுகின்றன. காற்றை நம்பி வாழ்கிற பூ. வண்டைக் கூப்பிட வேண்டியதில்லை. அதனால் அலங்காரம் செய்துகொள்ளவில்லை. செதில்களைத் திறந்தது இன்னும் சிறிய இரண்டு மெத்தைகள். அடியில் இருந்துகொண்டு தண்ணீரை உறிஞ்சி உப்பி, கதவை நெம்பிவிடும். உலர்ந்ததும் கதவு மூடிக்கொள்ளும்.

இந்தச் சிறுகதிர்தான் நம் அடுக்களை. நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உமி என்று நாம் புடைத்துத் தள்ளுவது பூவை மூடியிருந்த அந்த இரண்டு செதில்களை. கதவு மூடிய பிறகு உள்ளே வளர்ந்தது அரிசி. அரிசியைப் பட்டாணி மாதிரி தோலுரிக்க முடியாது, ஏனென்றால் புல்லின் காயில் காய்த்தோலும் விதைத்தோலும் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விடுகின்றன. தீட்டும்போது தவிடாகக் கழிவது அதுதான். கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு, சாமை, தினை, கோதுமை எல்லாமே ஏறத்தாழ இதே அமைப்பு. உலகத்தில் புல் வகை பதினோராயிரத்துக்கு மேல். மனிதன் சாப்பிடுகிற சோற்றில் பெரும்பங்கு அவற்றில் ஒரு சிலவற்றிலிருந்து வருகிறது.

தி.நகருக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பாண்டி பஜாரில் நடைபாதை முழுக்கக் கல் பாவியிருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரற்கடை இடுக்கில் கேழ்வரகின் காட்டுச் சொந்தம் ஒன்று தட்டையாகப் படுத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. நாளுக்கு எத்தனை ஆயிரம் செருப்பு! ஒரு குழந்தை மட்டும் அதைத் தாண்டிக் கால் வைத்தது, அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பனகல் பூங்கா பக்கம் கரும்புச்சாறு வண்டி. இரண்டாள் உயரத்துக்கு வளரும் புல்லை ஆறு அடித் துண்டாக வெட்டிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வண்டிக்காரர் கத்தியால் கணுவை மட்டும் சீவுகிறார், இடையில் உள்ளதை விட்டுவிடுகிறார். கரும்பின் கணுவில் கெட்டி அதிகம், சாறு குறைவு. சீவிய சில்லு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கணுவைச் சுற்றிலும் ஊசிக் குத்துப் போலப் புள்ளிப் புள்ளியாக ஒரு வளையம். ஒவ்வொரு புள்ளியும் வெளியே வரக் காத்திருக்கிற வேர். வளையத்தின் ஒரு பக்கம் முக்கோணக் கண் ஒன்று, அது மொட்டு. விவசாயி கரும்புக்கு விதை போடுவதில்லை. கண் உள்ள கரணையை வெட்டிப் புதைக்கிறார். மொட்டும் வேரும் கூடவே போகின்றன.

கரும்புக்கு விதை உண்டு, பூவும் உண்டு. அதை வைத்துத்தான் கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த கரும்பையும், ஆற்றோரம் மெலிதாக வளரும் காட்டுக் கரும்பையும் கலந்தார்கள். அந்தக் கலப்பில் வந்த கோ 205, 1918-ல் வட இந்திய வயல்களுக்குப் போனது. பிறகு அதே நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர் ஜானகி அம்மாள். மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலைக்கு நடந்தால் வருகிற ராணி மேரி கல்லூரியில் படித்தவர். மாநிலக் கல்லூரியில் அவர் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தது ரங்காச்சாரியாரின் புத்தகம் அச்சேறிய அதே 1921-ல். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட அவர் கலந்து பார்த்தார். பெண்கள் படிக்க வருவதே அபூர்வமாக இருந்த காலத்தில் ஒரு பெண் தன் வாழ்நாளில் சில ஆண்டுகளைப் புல்லுக்குக் கொடுத்தார். பாடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கத் தகும்.

"இஞ்சி போடவா சார்?" என்று வண்டிக்காரர் கேட்டார். தலையசைத்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வெயில் கரும்புக்கும் அருகுக்கும் மக்காச்சோளத்துக்கும் கொண்டாட்டம். அவற்றின் இலைக்குள் கரிக்காற்றை முதலில் ஒரு அறையில் பிடித்துச் சேர்த்து, நரம்பைச் சுற்றியுள்ள இன்னொரு அறைக்குள் அழுத்திக் கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. அதனால் இலைத்துளைகளை அதிகம் திறக்க வேண்டாம், தண்ணீர் மிச்சம். நெல்லுக்கு இந்த ஏற்பாடு இல்லை. அதே அளவு வளர நெல்லுக்குத் தண்ணீர் அதிகம் செலவாகிறது, அருகு சிமெண்டு இடுக்கில் பிழைத்துக்கொள்கிறது.

நாலு மணிக்கு அடையாறு காந்தி நகர். ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அடுக்குமாடி வரப் போகிறது. கொல்லையில் நின்ற தென்னையையும் வேம்பையும் அறுத்துத் துண்டு போட்டு வாசலில் அடுக்கியிருந்தார்கள். அறுத்த முகங்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. வேம்பின் முகத்தில் வெளியே வெளுப்பு, நடுவில் செக்கச் செவேலென்று வைரம். தென்னையில் தலைகீழ். விளிம்பைச் சுற்றிக் கறுத்த, இரும்பு மாதிரி வளையம். நடுவில் விரல் வைத்தால் அமுங்குகிற பொத்தல் நார். அறுப்பவர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார். "இத வெளிய இருந்து வெட்டறதுதான்டா கஷ்டம். உள்ள பூந்துட்டா வெண்ணெ."

தொல்காப்பியத்தின் மரபியல் இதைத்தான் இலக்கணமாக வைத்திருக்கிறது. வெளியே வைரம் உள்ளதெல்லாம் புல், உள்ளே வைரம் உள்ளதெல்லாம் மரம். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். மூங்கில் இன்றைய தாவரவியலிலும் புல்தான். தென்னை, பனை தனிக் குடும்பம் என்றாலும் அவையும் புல்லைப் போல ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் தண்டில் நீர்க் குழாய்க் கற்றைகள் வளையமாக அமையாமல் சிதறிக் கிடக்கும், ஓரத்தில் நெருக்கமாக. ஆண்டுக்கு ஒரு வளையம் போட்டுப் பருக்கும் வழக்கம் கிடையாது. அறுத்த முகத்தைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் ஒருவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். வேறு வழியில்லை. காந்தி நகரிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில், அடையாறு உப்பங்கழியை மீட்டெடுத்து 2011-ல் திறந்த 58 ஏக்கர் பூங்காவுக்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். நீரோரப் புல்லும் கோரையும் வளர்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் அமையாது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் அந்தப் பெரிய ஆலமரம். அதன் தாய்மரம் 1989-ல் காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் நிற்கின்றன; மரம் இருக்கிறது. நம் பெரியவர்கள் மணமக்களை வாழ்த்தும்போது ஆலையும் அருகையும் சேர்த்தே சொல்வார்கள். ஒன்று வானத்தை அடைக்கும் மரம், ஒன்று காலடியில் கிடக்கும் புல், எப்படி ஜோடி சேர்ந்தன என்று சிறு வயதில் யோசித்திருக்கிறேன். ஆல் கிளையிலிருந்து வேர் இறக்குகிறது, அருகு கணுவிலிருந்து வேர் இறக்குகிறது. ஒரே வேரை நம்பி இரண்டும் வாழவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போய், வடக்கே உடைந்த பாலத்தை நோக்கி மணலில் நடந்தேன். கூட்டம் குறைந்த இடத்தில் இராவணன் மீசை படர்ந்திருந்தது. இலை ஒவ்வொன்றும் கோணி ஊசி. தொட்டால் குத்தும். உப்புக் காற்றில் தண்ணீர் போகாமலிருக்க இலையை உள்ளே மடித்து ஊசியாக்கிக்கொண்ட புல். மணலுக்கு அடியில் ஓடுகிற தண்டு, கணுவுக்குக் கணு வேர், காற்று கொண்டுவந்து போடும் மணலைப் பிடித்து வைத்துத் தன்மேலேயே மேடாக்கிக்கொண்டு மறுபடி மேலே வளர்கிறது. இந்தக் கரையில் மேடு என்று மிச்சமிருப்பது இதனால்தான். இதில் ஆண் தனி, பெண் தனி. பெண் செடியின் கதிர், பந்து போல முள் விரித்து, முற்றியதும் கழன்று காற்றில் உருண்டு ஓடும். அன்று ஒன்று ஓடியது. குப்பத்துப் பையன் ஒருவன் அதைத் துரத்தினான். பிடிக்கப் பிடிக்க நழுவியது. ஈர மணல் வந்ததும் நின்றது. பையன் எடுத்துப் பார்த்தான், குத்தியது, உதறினான். "டேய், இத எடுத்து வைக்காதடா, ஓட உடு" என்று படகு ஓரம் வலை பிரித்துக்கொண்டிருந்த தாத்தா சொன்னார். பையன் அதைக் காலால் தள்ளிக் காற்றுக்குக் கொடுத்தான்.

பதினோரு நாள் கழித்து மறுபடி மயிலாப்பூர். அன்று அமாவாசை. குளத்துப் படியில் தர்ப்பணம். சாஸ்திரிகள் ஒருவர் தர்ப்பைக் கட்டைப் பிரித்து மூன்று மூன்றாக எடுத்துப் பவித்திரம் முடிந்துகொண்டிருந்தார். தர்ப்பையை நுனியிலிருந்து அடிக்கு உருவக் கூடாது, அடியிலிருந்து நுனிக்கு உருவ வேண்டும் என்று பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். இலை ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத மணல் பற்கள் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. எதிர்த் திசையில் உருவினால் கை அறுபடும். புல் மண்ணிலிருந்து மணற்சத்தை உறிஞ்சி இலையில் கண்ணாடியாகப் படியவைத்துக்கொள்கிறது. மாட்டின் பல் தேய்வதில் அதற்கும் பங்கு உண்டு என்பார்கள். பையன் விரலைச் சூப்பிக்கொண்டே தலையாட்டினான்.

கிழக்குக் கோபுரத்துப் பக்கம் போனேன். அந்த அம்மா இல்லை, அமாவாசையில் அருகுக்குக் கிராக்கி குறைவு. அவர் உட்கார்கிற இடத்துக்குப் பின்னால் பூவரசு மரம் ஒன்று, அதைச் சுற்றிச் சிமெண்டு போடாமல் விட்ட ஒரு முழ மண். அன்று கடை கட்டும்போது மிஞ்சிய அருகை அதில்தான் உதறிப் போட்டிருப்பார். புல் நனைக்கிற வாளித் தண்ணீரையும் தினம் அங்கேதான் கொட்டுவார். குனிந்து பார்த்தேன். பெரும்பாலானவை காய்ந்து வைக்கோலாகியிருந்தன. ஒரு கொடியை மட்டும் இழுத்தேன். வரவில்லை. மூன்று கணு மண்ணைப் பிடித்திருந்தது. நடுக்கணுவில் புதுத் தளிர். இரண்டு இலை விரிந்திருந்தது. மூன்றாவது இன்னும் உறைக்குள் இருந்தது.